எடைக்கல்லும் மனிதனும்

வேதாரண்யத்துக்கும் சிறைச்சாலைக்கும் உள்ள சம்பந்தம் பழையது. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, தஞ்சை ஜில்லாவின் ஊர்களையும் வயல்களையும் கடந்து, அம்மாத இறுதியில் இக்கடற்கரையை அடைந்த ராஜாஜியும் அவருடைய சத்தியாக்கிரகிகளும், அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் சர்க்காருடைய அனுமதியின்றி உப்பை அள்ளினார்கள் என்பதற்காகச் சிறை புகுந்தார்கள். அவர்களுக்கு இருக்க இடமும் உண்ண உணவும் தந்து அந்த யாத்திரையைத் தாங்கிய இவ்வூர்ப் பிரமுகர் வேதரத்தினம் பிள்ளை சிறை புகுந்தார். தாம் சவரம் செய்து கொண்டிருந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்த மாத்திரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்ட நாவிதர் வைரப்பனும் சிறை புகுந்தார். சட்டத்தை மீறியவர்களுக்கு நினைவு ஸ்தூபி எழுப்பிய ஊர் இது. ஆகையால் குற்றத்தையும் தண்டனையையும் பற்றிப் பேசும்போது, சர்க்கார் விதித்ததெல்லாம் நியாயமே என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட இவ்வூர் ஜனங்களால் இயலாது.

ஆனால் இன்று இக்கடற்கரையிலிருந்து சிறைக்குச் செல்பவர்களை அந்தத் தியாகிகளோடு சேர்த்துப் பேசுவது பெரும் அபசாரமாகும். ஆந்திர மலைப் பிரதேசங்களில் விளைந்த கஞ்சா, இரண்டு கிலோப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, கடல்நீர் புகாதபடி பழுப்பு நிற டேப்பினால் இறுகச் சுற்றப்பட்டு, கார்களின் இருக்கைகளுக்கு அடியிலும் லாரிச் சரக்குக்கு நடுவிலும் ஒளிந்தபடி டெல்டாவின் குறுக்கே வந்து, இந்தத் தாலுகாவின் நீண்ட கரையில் ஏதோ ஒரு சவுக்குத் தோப்பில் மூட்டையாக இறங்குகிறது. இருட்டியபின் பைபர் படகில் ஏறுகிறது. நடுக்கடலில் இலங்கைப் படகுக்குக் கை மாறுகிறது. முந்திய தலைமுறையில் கோடியக்கரைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையே துணிமணியும் தங்கமும் கள்ளத்தனமாகப் போய் வந்த கதைகளை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். சரக்கு மாறிற்று, கடல்வழி மாறவில்லை. கியூ பிரிவுப் போலீஸாரோ கடலோரக் காவல் குழுமத்தாரோ வளைத்துக் கொள்கிற இரவில் கையில் அகப்படுகிறவர்கள் யாவர்? காரை ஓட்டி வந்தவன், மூட்டையைத் தோளில் சுமந்தவன், படகைச் செலுத்தியவன். முதல் போட்டவன் கடற்கரைப் பக்கம் தலை காட்டுவதே இல்லை. பிடிபட்டவனுக்கு அவனுடைய பெயர்கூடத் தெரியாமல் இருப்பது இத்தொழிலின் முதல் ஏற்பாடு.

வறுமையே இதற்குக் காரணம் என்று கூறிக் கையைக் கழுவிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜாப் புயல் இவ்வூரைத் தாக்கி, தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து, படகுகள் உடைந்து கிடந்த காலத்திலும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பொட்டலத்தைத் தொடாமலேதான் மீண்டும் தலையெடுத்தன. உப்பளத்திலே நண்பகல் வெயில் கண்ணைக் குத்த, உப்புநீரில் ஊறிய பாதங்களில் வெடிப்பு விழ, பாத்தி உப்பைப் பலகையால் வாரி வாரி வரப்பில் குவிக்கிறார்களே, அந்தத் தொழிலாளிகளுக்கு இல்லாத வறுமையா? ஓர் இரவுக் கூலி பல வாரத்துக் கடல் உழைப்பின் வருமானத்தை மிஞ்சும் என்று யாரோ காதில் ஓதும்போது மனம் சபலிக்கிறது. சபலத்துக்கு இடம் கொடுத்தவன் குற்றவாளி. அவனுக்குத் தண்டனை வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. தண்டனை தொடங்கியபின், அந்த மனிதன் என்ன ஆகிறான் என்பதைச் சட்டம் திரும்பிப் பார்க்கிறதா என்பதுதான் என் விசாரம்.

1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் குற்றத்தை நிறுத்துப் பார்க்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரையில் சிறு அளவு. இருபது கிலோவுக்கு மேற்பட்டால் வியாபார அளவு. வியாபார அளவு என்று தராசு சொல்லிவிட்டால், பத்து வருஷத்துக்குக் குறையாமல் இருபது வருஷம் வரையில் கடுங்காவல், லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம். சுமந்தவன் இருபது வயதுப் பையனாயினும், அது அவனுடைய முதல் குற்றமாயினும், பத்து வருஷத்திலிருந்து ஒரு நாளைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. இது பலரும் அறிந்தது. 1989-இல் இச்சட்டத்தில் புகுத்தப்பட்ட 32-ஏ பிரிவைப் பற்றி அறிந்தவர்கள், வக்கீல்களையும் கைதிகளைப் பெற்றவர்களையும் தவிர, அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். போதைப்பொருளை உட்கொண்ட குற்றம் நீங்கலாக, இச்சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட எந்தத் தண்டனையையும் நிறுத்தி வைக்கவோ, குறைக்கவோ, மாற்றவோ கூடாது என்று அது ஆணையிட்டது. அப்பீல் நடக்கும்போது தண்டனையை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தைக் கோர்ட்டுகளிடமிருந்து பறித்தது செல்லாது என்று 2000-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தண்டனைக் குறைப்புக்கு உள்ள தடையை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. இதன் விளைவு யாதெனில், கொலை செய்து ஆயுள் தண்டனை பெற்றவன் சிறையில் ஒழுங்காக நடந்து, தொழில் கற்று, பரீட்சை எழுதித் தேறினால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. மூட்டை சுமந்தவன் அதே சிறையில், அதே தறியில், அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே நன்னடத்தையைக் காட்டினாலும் அவனுக்கு அந்தக் கணக்குக் கிடையாது.

சிறைக்குள்ளே ஒரு மனிதன் மாறுவது சட்டத்துக்கு ஒரு பொருட்டா, இல்லையா என்ற இந்தக் கேள்வியைத் தம்முடைய உயிரையே பணயமாக வைத்துக் கேட்ட ஒரு தமிழர் உண்டு. அவர் பெயர் மயூரன் சுகுமாரன்.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1981-ஆம் வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி லண்டனில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் ஆஸ்திரேலியா சென்று, சிட்னி நகரத்துப் புறப்பகுதியில் வளர்ந்தவர். அகதிகளாகவும் குடியேறிகளாகவும் அந்நாட்டுக்குச் சென்ற பல தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் டாக்டராகவும் என்ஜினியராகவும் ஆகிக் கொண்டிருந்த காலத்தில், மயூரன் படிப்பை நடுவில் விட்டார். இரவு விடுதிகளில் விலையுயர்ந்த கார்களில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்து அந்த வாழ்க்கையின்மேல் ஆசை கொண்டதாகப் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். பசியினால் தவறினேன் என்று அவர் எக்காலத்திலும் சொல்லிக் கொள்ளவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

2005-ஆம் வருஷம், அவருடைய இருபத்து நான்காவது பிறந்த நாளன்று, இந்தோனேஷியாவைச் சேர்ந்த பாலித் தீவில் அவர் கைதானார். அன்று விமான நிலையத்தில் நால்வர், உடம்போடு உடம்பாகக் கட்டியிருந்த எட்டுக் கிலோவுக்கு மேற்பட்ட ஹெராயினுடன் பிடிபட்டார்கள். மயூரன் உள்ளிட்ட நால்வர் கடற்கரை விடுதி ஒன்றிலும், கூட்டத்தின் மற்றொரு தலைவரான ஆண்ட்ரூ சான் விமானத்திலும் பிடிபட்டனர். மொத்தம் ஒன்பது பேர், எல்லோரும் ஆஸ்திரேலியப் பிரஜைகள். சுமந்தவர்களில் ஒருவனுடைய தகப்பனார், மகன் ஏதோ விபரீதத்தில் இறங்கப் போகிறான் என்று பயந்து, அவனைத் தடுத்து நிறுத்தும் நோக்கத்தோடு ஒரு வக்கீல் நண்பர் மூலம் தம் நாட்டுப் போலீஸாருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். மரண தண்டனையைத் தன் சட்டத்திலிருந்து 1973-லேயே நீக்கிவிட்ட அந்த தேசத்தின் போலீஸார், சிட்னியில் காத்திருந்து பிடிப்பதற்குப் பதிலாக, மரண தண்டனை அமலில் இருக்கும் நாட்டின் போலீஸாருக்குத் தகவலை அனுப்பினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற வாய் திறந்த தகப்பனாரின் வார்த்தையே அவனை மரண தண்டனையின் நிழலில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பையன் பின்னால் உயிர் தப்பினான் என்பது வேறு விஷயம். அந்தத் தகப்பனார் அனுபவித்த வருஷங்களை நினைக்கும்போது என் மனம் ஆறுவதில்லை.

விசாரணையில் மயூரன் உண்மையைச் சொல்லவில்லை. பத்திரிகைகள் அவரைக் கூட்டத்தின் அடியாள் என்று வர்ணித்தன. அவருடைய ஆஜானுபாகுவான தோற்றமும் மௌனமும் அந்த வர்ணனைக்கு இசைவாகவே இருந்தன. 2006-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ஆம் தேதி டென்பசார் கோர்ட்டு அவருக்கும் சானுக்கும் சுட்டுக் கொல்லும் தண்டனை விதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அதன்பின் கெரோபோகன் சிறையில் கழிந்த ஒன்பது வருஷங்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் பேருக்கென்று கட்டப்பட்ட இடத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அடைபட்டு, போதைப்பொருள் உள்ளேயே புழங்கிக் கொண்டிருந்த சிறை அது. அவ்விடத்தில் மரண தண்டனைக் கைதி ஒருவன், நாளை என்பது தனக்கு உண்டா என்றே அறியாதவன், சிறை அதிகாரிகளிடம் திரும்பத் திரும்ப மனுச் செய்து, கம்ப்யூட்டர் வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஓவியக் கூடமும் தொடங்க அனுமதி பெற்றான் என்றால், அது எளிதில் நம்பக் கூடியதா? ஆயினும் நடந்தது. வெளியே போகப் போகிறவர்களுக்கு வெளியே பிழைக்க ஒரு தொழிலை, வெளியே போக வழியில்லாதவர் கற்பித்தார். தாமும் கற்றார். 2012-ஆம் வருஷம், ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற சைத்திரிகர் பென் குவில்டிக்கு ஓவிய நுணுக்கங்களைக் கேட்டுச் செய்தி அனுப்பினார். குவில்டி சிறைக்கே வந்து கற்பித்தார். குழம்புபோல் கெட்டியான எண்ணெய் வர்ணத்தைக் கத்தியாலும் தூரிகையாலும் அப்பி, தம்முடைய முகத்தையே மீண்டும் மீண்டும் எழுதினார் மயூரன். சக கைதிகளின் முகங்களையும், குடும்பத்தாரின் முகங்களையும் எழுதினார். கர்ட்டின் சர்வகலாசாலையில் தபால்மூலம் நுண்கலை பயின்று பட்டமும் பெற்றார். 2015-இல் அந்தப் பட்டம் வந்து சேர்ந்தபோது, அவர் ஆயுளில் எஞ்சியிருந்தது சொற்ப காலமே.

அவருடைய தண்டனையை மறுபரிசீலனை செய்யும்படி 2010-இல் மனுப் போட்டபோது, மயூரனும் சானும் தங்கள் குற்றத்தை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார்கள். அந்தச் சிறையின் தலைமை அதிகாரியாக இருந்த சிஸ்வாந்தோ, சர்க்கார் உத்தியோகஸ்தராக இருந்துகொண்டே கோர்ட்டில் ஏறி, இவ்விருவரும் திருந்தியவர்கள், மற்றக் கைதிகளுக்கு உபகாரமாக இருப்பவர்கள், இவர்களைக் கொல்லலாகாது என்று சாட்சி சொன்னார். கைதியை நாள்தோறும் கண்ணால் கண்டவர் அவர். அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2011 ஜூலையில் மயூரனுடைய மனுவைத் தள்ளிற்று.

நியாயத்தைப் பற்றி மயூரன் புத்தகம் எழுதவில்லை, தத்துவம் பேசவில்லை. அவருடைய கருத்து அவர் செய்த காரியங்களிலும் எழுதிய சித்திரங்களிலும் இருக்கிறது. நான் குற்றம் செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தண்டனை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் சிறையிலேயே கிடந்து பிறருக்குக் கற்றுக் கொடுக்கச் சித்தமாயிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: தண்டனை என்பது என்றைக்கோ ஒரு நாள் செய்த செயலை மாத்திரம் பார்க்காமல், அதன்பின் வந்த மனிதனையும் பார்க்க வேண்டும். தம்முடைய கருணை மனுவை நிராகரித்த ஜனாதிபதி ஜோகோ விடோடோவின் முகத்தை அவர் கோபமின்றிப் பொறுமையாக ஓவியமாகத் தீட்டி, அதன் பின்புறத்தில் மனிதர் மாறக் கூடும் என்ற பொருளில் மூன்றே வார்த்தைகள் எழுதி வைத்தார். அந்த ஜனாதிபதியோ, போதைப்பொருள் குற்றவாளி எவருக்கும் கருணை இல்லை என்று பதவியேற்ற சில வாரங்களிலேயே பகிரங்கமாக அறிவித்திருந்தார். மனுதாரர் யார், என்ன ஆனார் என்று பார்க்குமுன்னரே விடை முடிவாகிவிட்டால், கருணை மனு என்று ஒன்று இருப்பதற்கு என்ன அர்த்தம்?

2015-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் இருவரையும் ஜாவாவை அடுத்த நூசாகம்பாங்கன் தீவுக்குக் கொண்டு சென்றார்கள். எழுபத்திரண்டு மணி நேர அறிவிப்பு ஏப்ரல் 25-இல் வந்தது. அந்த மணிகளிலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார்: இதயம் இருக்க வேண்டிய இடத்தில் கரிய பள்ளத்துடன் ஒரு சுயசித்திரம், ரத்தம் வடியும் இந்தோனேஷியக் கொடி, தண்டனைக்குக் காத்திருந்த ஒன்பது பேரும் கையெழுத்திட்ட ஓர் இதயம். ஏப்ரல் 29-ஆம் தேதி நள்ளிரவு கழிந்ததும் எட்டுப் பேரைச் சுட்டார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தி கடைசி நேரத்தில் தப்பினாள். கண்ணைக் கட்டிக் கொள்ள எவரும் சம்மதிக்கவில்லை, பாடிக்கொண்டே நின்றார்கள். மயூரனுக்கு வயது முப்பத்து நான்கு. 2017-இல் அவருடைய ஓவியங்கள் சிட்னியை அடுத்த கேம்பல்டவுனில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

எட்டுக் கிலோ ஹெராயின் தெருவுக்குப் போயிருந்தால் எத்தனை வீடுகளில் இழவு விழுந்திருக்கும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போதையில் மூழ்கிய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கும் தாயின் முன்னே, கடத்தியவனும் மனிதன்தான் என்று பேசுவதற்கு எனக்கு நா எழாது. ஆனால் அந்தத் தாய்க்கு அரசாங்கம் எதைத் திருப்பிக் கொடுத்தது? எட்டுப் பேர் இறந்த மறுநாள் இந்தோனேஷியாவில் ஹெராயின் வியாபாரம் நிற்கவில்லை. முதல் போட்டவர்கள் புதிய கைகளைத் தேடிக் கொண்டார்கள். மாறாக, கெரோபோகனில் மயூரனிடம் தொழில் கற்று வெளியே போனவன் திரும்பவும் பொட்டலத்தைத் தொடாமல் இருந்தானானால், ஏதோ ஒரு தாயின் பிள்ளையை அது காப்பாற்றியிருக்கும். அந்த வேலையைச் செய்து கொண்டிருந்த மனிதனைத்தான் சுட்டார்கள்.

நிரபராதிக்காக இரங்குவது நமக்கு எளிது. தங்கச்சிமடத்து மீனவர் ஐவரை 2011-இல் ஹெராயின் கடத்தியதாகக் குற்றம் சாட்டிப் பிடித்து, 2014 அக்டோபர் 30-ஆம் தேதி கொழும்பு ஹைகோர்ட்டு அவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தபோது, அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற உறுதியோடு தமிழ்நாடே கொதித்து எழுந்தது. அடுத்த மாதமே மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினார்கள். அது நம்முடைய கடமை, செய்தோம். மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்துக்கு அத்தகைய குரல் போதிய அளவில் எழவில்லை. 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு 2009-இல் சிங்கப்பூருக்குள் நுழைந்தவர். அறிவுத்திறன் சோதனையில் 69 என்ற அளவே பெற்றவர். பதினைந்து கிராமுக்கு மேற்பட்டால் தூக்கு என்று எழுதி வைத்திருக்கும் சட்டம், 2022-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டது. பொட்டலத்தின் எடை அவருக்கு எதிராக இருந்தது. அவருடைய புத்தியின் எடையை வைக்க அந்தத் தராசில் தட்டு இல்லை. குற்றம் செய்தவர், ஆயினும் இந்தத் தண்டனைக்கு உரியவர் அல்லர் என்று சொல்வதற்கு, நிரபராதிக்காகக் கூவுவதைக் காட்டிலும் அதிக நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது.

மயூரனைக் கொன்ற தேசமே பிற்காலத்தில் தன் சட்டத்தைத் திருத்திக் கொண்டது. 2022 டிசம்பரில் இந்தோனேஷியப் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய தண்டனைச் சட்டம், மரண தண்டனை பெற்றவனுக்குப் பத்து வருஷ காலப் பரீக்ஷையை விதிக்கிறது. அந்தப் பத்து வருஷத்தில் அவன் பச்சாத்தாபத்தையும் நன்னடத்தையையும் காட்டினால் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றலாம். 2026 ஜனவரியில் இது அமலுக்கு வந்தது. மயூரன் தண்டனைக் கைதியாகக் கழித்த காலம் ஒன்பது வருஷமும் இரண்டரை மாதமும். அவருடைய கூட்டாளிகளில் ஆயுள் தண்டனை அனுபவித்து வந்த ஐவர் 2024 டிசம்பரில் இந்தோனேஷிய அரசாங்கத்தின் சம்மதத்தோடு ஆஸ்திரேலியா திரும்பினார்கள்.

நம் தேசத்துச் சட்டத்திலும் கோர்ட்டுகள் கை வைத்துத் திருத்திய இடங்கள் உண்டு. பெருமளவு போதைப்பொருளோடு இரண்டாம் முறை பிடிபட்டவனுக்குத் தூக்கைத் தவிர வேறு தண்டனையே கூடாது என்றிருந்த விதியை 2011-இல் பம்பாய் ஹைகோர்ட்டு ஏற்கவில்லை. 2014-இல் பார்லிமெண்டும் அதை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் எழுதி வாங்கும் வாக்குமூலத்தைக் கைதிக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்று 2020 அக்டோபர் 29-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தூபான் சிங் என்பவருக்கும் தமிழ்நாட்டு அரசாங்கத்துக்கும் நடந்த வழக்கு அது, நம்முடைய மாகாணத்திலே முளைத்தது. அந்த அதிகாரிகள் உள்ளபடியே போலீஸார்தான் என்று ஒப்புக்கொள்ள முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. தண்டனைக் குறைப்புக்கு உள்ள தடை மட்டும் இன்னும் அசையாமல் நிற்கிறது.

முதல் போட்டுப் பல மூட்டைகளை அனுப்பியவனுக்கும், ஓர் இரவு மூட்டை தூக்கியவனுக்கும் அந்தத் தடை ஒன்றாகவே விழுகிறது. பெரிய வியாபாரிகளுக்கு அது இருக்கட்டும் என்று வாதிப்பவர்களுடன் நான் இப்போது மல்லுக்கு நிற்கவில்லை. முதல் குற்றவாளியாகவும், சுமந்த கூலிக்கு மேல் வேறொன்றும் பெறாதவனாகவும் விசாரணையில் தெரிய வந்து, சிறையில் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் கழித்து, படிப்பிலோ தொழிலிலோ தேறியவனுடைய தண்டனையை ஒரு ஜில்லா நீதிபதியும் சிறை அதிகாரியும் சேர்ந்து பரிசீலிக்க இடம் கொடுக்கும்படி 32-ஏ பிரிவைத் திருத்தினால் போதும். இது மத்திய சட்டம். சட்டசபையால் ஆகக் கூடியதன்று. நாகப்பட்டினம் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் இதற்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரலாம். அதற்கு வேண்டிய வழக்கு விவரங்களைத் தஞ்சை, நாகை வக்கீல் சங்கங்கள் சேகரித்துத் தரலாம். மீனவ கிராமப் பஞ்சாயத்துகள், தம் பிள்ளைகளில் எத்தனை பேர் எந்தச் சிறையில் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்ற ஜாபிதாவைக் கூச்சமில்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.